சனிக்கிழமைக் கூட்டம்

எலியாவின் வலது கால் பெருவிரல் கறுக்கத் தொடங்கியபோது அது சூளைச் சேறு என்றுதான் ஞானபாய் நினைத்தாள். சேறு மிதிக்கிறவன் கால் எப்போதும் அப்படித்தான் இருக்கும். தேங்காய் நாரை வெந்நீரில் முக்கி அவள் தேய்க்கத் தேய்க்க, அவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தான்.

"விடுட்டி. அது அழுக்கு இல்ல."

"பின்ன என்னவாம்?"

"எனக்கு எப்படித் தெரியும்? படுத்தா தீயில வச்ச மாதிரி எரியுது. தொட்டுப் பாத்தா பச்சத்தண்ணி மாதிரி கெடக்கு."

காரோட்டில் செங்கல் சூளைக்குப் பின்புறம் அவர்கள் வீடு. எலியாவும் அவன் தம்பி ராஜையாவும் சேறு மிதித்தார்கள். ஞானபாய் சுடாத பச்சைக்கல் சுமந்தாள். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் பிள்ளை இல்லை. அதைப் பற்றி இருவரும் பேசி முடித்துவிட்டார்கள்.

சூளைக்குழியில் ஆண்கள் முழங்கால் வரை களிமண்ணில் இறங்கி, ஒருவன் தோளில் ஒருவன் கைபோட்டு விடிந்ததிலிருந்து மிதிப்பார்கள். மேஸ்திரி நடுவில் "பீடி!" என்று கூப்பிடுவார். பீடி உள்ளவன் கரையேறி உட்காரலாம். பீடி இல்லாதவன் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். எலியா பீடி பழகியது அப்படித்தான். சின்ன வயதில் அதை இழுக்கக்கூட மாட்டான். பற்றவைத்துக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருப்பான். உட்காருவதற்காகப் பிடித்த பீடி, பிறகு உட்கார நேரமில்லாதபோதும் வேண்டியிருந்தது.

பாறசாலைக்குப் போகும் வழியில் சர்ச்சுச் சுவரை ஒட்டி ஒரு சிறிய டிஸ்பென்சரி இருந்தது. அங்கே நர்ஸ் ஜெஸி மட்டும்தான். பனச்சமூட்டுப் பக்கத்துக்காரி. கல்யாணம் செய்யவில்லை. வெயிலோ மழையோ, கறுப்புக் குடையோடு வீடு வீடாக நடப்பாள். அவள் எலியாவின் காலை மடியில் வைத்து, பாதத்தின் மேல் விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்தாள்.

"இஞ்ச துடிக்கணும். ஒண்ணையும் காணல்ல. எத்தன பீடி வலிப்பீங்க?"

"கணக்கு வச்சதில்ல நர்ஸம்மா. காலையில ஒரு தீக்குச்சி போதும். பொறவு ஒண்ணுலேருந்து ஒண்ணு பத்திக்கிடும்."

ஞானபாய் சிரித்தாள். ஜெஸியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் ஜெஸியே அவர்களைத் தெற்கே விளவங்கோட்டுப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே டாக்டர் அதிகம் பேசவில்லை. காலுக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கி அடைந்துவிட்டது, பீடிதான் அதற்குக் காரணம் என்றார். விரலை எடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் பீடி குடித்தால் விரலோடு நிற்காது.

"கொறச்சா போதாதா டாக்டரே?" என்று ஞானபாய் கேட்டாள்.

"ஒண்ணுகூட ஆகாது. காலு வேணுமா பீடி வேணுமான்னு நீங்களே பேசித் தீருமானிச்சுக்கிடுங்க."

விரலை எடுத்தார்கள். ஊன்றுகோலோடு வீடு வந்த எலியா அந்த வாரமே ஜெஸியின் சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் போனான்.

சர்ச்சுக்குப் பின்னால் ஞாயிறு பள்ளிக்கூடம் நடக்கும் அறை. பிள்ளைகள் உட்காரும் தாழ்ந்த பெஞ்சுகளில் பெரிய ஆண்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருப்பார்கள். பின்வரிசையில் அவர்கள் பெண்டாட்டிமார். ஜெஸி உபதேசம் எதுவும் செய்வதில்லை. அதற்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது என்பாள். எப்போது பீடி வேண்டும் என்று தோன்றியது, அப்போது என்ன செய்தாய் என்று ஒவ்வொருவரிடமும் கேட்பாள். கிராம்பும் சுக்கும் கருப்பட்டித் துண்டும் ஒரு கிண்ணத்தில் சுற்றி வரும்.

"சோறு உண்ட பொறவு பொறுக்கவே முடியல்ல," என்றான் எலியா. "வாய் சும்மா கெடந்து தவிக்கு. கிராம்பக் கடிச்சேன். பின்ன அவளக் கடிச்சேன்."

"என்னைய ஏசினாரு, அதாக்கும் சொல்லுதாரு," என்றாள் பின்வரிசையிலிருந்து ஞானபாய். அறையே சிரித்தது.

விரல் எடுத்த புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டும். அதற்கு ஒவ்வொரு முறையும் தெற்கே போக முடியாது. நெய்யாற்றின்கரை சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனான். அங்கே கட்டுப் போடுவது கம்பவுண்டர் சோமன். நல்ல மனிதர். மலையாளத்துக்காரர் என்றாலும் இரண்டு மொழியும் பேசுவார். எலியா அங்கே போய் உட்கார்ந்து அழுதுவிட்டான். உடம்பெல்லாம் வெட்டி இழுக்கிறது, உறக்கம் இல்லை என்றான்.

"பெட்டென்னு ஒரேயடியா நிறுத்தண்டாம் எலியாவே," என்றார் சோமன். "ஒண்ணு ரெண்டு வலிச்சா குழப்பமில்ல."

எலியா அதைப் பிடித்துக்கொண்டான். ஆஸ்பத்திரி வாசலிலேயே கடையில் ஒரு பீடி வாங்கினான். வீட்டுக்கு வந்து, மருந்து சாப்பிடுகிறவனைப்போல, சோற்றுக்குப் பிறகு ஒன்று குடித்தான். ஞானபாய் கேட்டதற்கு, "ஆஸ்பத்திரியில சொன்னதாக்கும்," என்றான். ஒரு வாரத்தில் சோறு இல்லாத நேரத்திலும் மருந்து தேவைப்பட்டது. புண் ஆறாமல் நின்றது.

ஞானபாய் போய்ச் சொன்னதும் ஜெஸி குடையை எடுத்துக்கொண்டு நெய்யாற்றின்கரைக்குப் பஸ் ஏறினாள். நோயாளிகள் எல்லாரும் போகும்வரை காத்திருந்து சோமனிடம் பேசினாள்.

"நீங்க ஒண்ணு சொல்லுதீங்க. தெக்க டாக்டரு ஒண்ணு சொல்லுதாரு. நான் வேறொண்ணு சொல்லுதேன். அவங்க எது எளுப்பமோ அத எடுத்துக்கிட்டுப் போவினும். குத்தம் அவங்களுக்கா?"

"சிஸ்டரே, நான் சமாதானத்துக்குப் பறஞ்சதாணு. இருந்து கரயுன்ன ஆளோடு வேற எந்து பறயான்?"

"அழட்டும். அழுதுட்டுப் போயி விடட்டும். நம்ம மூணு எடமும் ஒரே வாக்குச் சொன்னா அவங்களுக்கு ஓடிப்போக எடமில்ல. ஒரு எடத்துல விட்டுட்டு ஓடினா அடுத்த எடத்துக்குத் தெரியணும். அவ்வளவுதான் நான் கேக்குதது."

சோமன் வெகுநேரம் மருந்து பாட்டில்களை இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு தன் சட்டைப்பையில் கிடந்த பீடிக்கட்டை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். "எனிக்கும் வரணும் அந்தக் கூட்டத்துக்கு," என்றார்.

அதற்குப் பிறகு சில மாதம் நன்றாக நடந்தது. தெற்கேயிருந்து டாக்டர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்தார். ஒரு கால் போன பிறகு பீடியை விட்டவர்களையும் தன் வண்டியில் கூட்டி வந்து பேச வைத்தார். சோமன் சைக்கிளில் வந்தார். கட்டு மாற்ற வருகிற ஒவ்வொருவரிடமும் கூட்டத்துக்குப் போனாயா என்று கேட்கத் தொடங்கினார். ஒருவன் வராவிட்டால் ஜெஸிக்கு ஆள்விட்டுச் சொன்னார். ஜெஸி சூளைக்குப் போய் மேஸ்திரியிடம் சண்டை போட்டாள். பீடி குடிக்காதவனுக்கும் இடுப்பு உண்டு, அவனும் உட்காரட்டும் என்றாள். மேஸ்திரி முனகினார், ஆனால் அதன் பிறகு "கேறுங்கோ" என்று எல்லாரையும் கரைக்குக் கூப்பிட்டார்.

எலியா பீடியை விட்டான். புண் வற்றி மேல்தோல் வந்தது. சேறு மிதிக்கப் போகவில்லை. உட்கார்ந்து அச்சில் கல் அறுத்தான். கன்னம் கொஞ்சம் நிரம்பியது. ஒரு நாள் மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் கறியும் தின்றுகொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்தினான்.

"ஏட்டி, இதுல புளி போட்டியா?"

"என்னைக்கும் போடுததுதானே."

"என்னைக்குமா? இன்னைக்குத்தான் எனக்குத் தெரியுது." அவன் சட்டியை வழித்து வழித்துத் தின்றான். அவள் அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சாப்பாடு அதற்குப் பிறகு நடக்கவில்லை.

இடவப்பாதி மழை பிடித்தது. சூளை நின்றது. பச்சைக்கல் கரைந்து மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. மழைக்காலத்தில் எப்போதும் எலியாவும் ராஜையாவும் பூவாறுக்குப் போய் வள்ளத்தில் சரக்கு ஏற்றுவார்கள். எலியாவுக்கு அந்தக் காலோடு முடியாது. ராஜையா அந்த வருசம் வேறு காரியத்தில் இருந்தான். மலையாள ராஜ்யத்தில் கிடந்த தமிழ்த் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர் ஊராக ஜாதை, கோஷம் போட்டு ஊர்வலம், போனது. ராஜையா அதில் முன்னால் நடந்தான். வீட்டுக்கு வந்தால் தொண்டை கட்டியிருக்கும், பசி இருக்கும், கையில் ஒன்றும் இருக்காது.

ஞானபாய் பாறசாலைச் சந்தைக்குப் பக்கத்துப் பீடிக்கடைக்குப் போனாள். கூலிக்குச் சுருட்ட இலையும் தூளும் வாங்கினாள். வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. பக்கத்து வீட்டுச் சரசம்மாவின் பின்கட்டில் உட்கார்ந்து, முறத்தை மடியில் வைத்து, இலை வெட்டித் தூள் வைத்துச் சுருட்டி நூல் கட்டினாள். பொழுது சாயுமுன் சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்து, நாரத்தை இலையைக் கசக்கித் தடவிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மூன்றாம் நாளே எலியா அவள் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனான்.

"என்ன மணம் இது?"

"மீன் அறுத்தேன்."

"மீனு எங்க?"

அவள் கையை இழுத்துக்கொண்டாள். அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

"நீ சுத்துத பீடிய எவனோ வலிக்கட்டும், எனக்கென்ன. அதுக்கில்ல. எனக்குப் பயமா இருக்குட்டி. நீ பக்கத்துல வந்து படுத்தா எனக்குப் பீடி வேணும்னு தோணுது."

அன்றிலிருந்து ஞானபாய் அடுக்களையில் பாய் விரித்துப் படுத்தாள்.

ஜெஸி வந்து பார்த்துவிட்டுச் சரசம்மா வீட்டுப் பின்கட்டிலேயே அவளருகே உட்கார்ந்தாள். "வேற ஏதாவது பாக்கலாமே ஞானபாயி."

"பாக்கலாம். என்ன பாக்க? இந்த மழையில யாரு கூப்பிடுதா? ஒரு வேல சொல்லுங்க நர்ஸம்மா, இந்த முறத்த இப்பமே தோட்டுத் தண்ணியில வீசிட்டு வாறேன்."

ஜெஸி உதிர்ந்து கிடந்த இலைத்துண்டுகளைக் கொஞ்ச நேரம் பொறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆவணி பிறப்பதற்குள் தெற்கே துப்பாக்கிச்சூடு நடந்தது. எத்தனை பேர் செத்தார்கள் என்று ஒவ்வொரு வாயும் ஒவ்வொன்று சொன்னது. பஸ் நின்றது. கடைகள் அடைத்தன. ராஜையா வீட்டுக்கு வரவில்லை. அவனைத் தேடிப் போலீஸ் வந்தது. அவன் இல்லாததால், திண்டாடி எழுந்து நின்ற எலியாவைப் பிடித்துக்கொண்டு போனது.

ஞானபாயும் ஜெஸியும் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றார்கள். "காலுக்குச் சொகமில்லாத ஆளு, ஆஸ்பத்திரி ஆளு," என்று ஜெஸி இரண்டு மொழியிலும் சொன்னாள். உள்ளே யாரும் கேட்கவில்லை. அடுத்த நாளும் போனார்கள். அதற்கடுத்த நாளும்.

ஒரு மத்தியானம் எலியா தானாகவே வந்தான். ஞானபாய் கிணற்றடியில் நின்றாள். ஊடுவழியின் வேலிக்கு மேலே முதலில் புகைதான் தெரிந்தது. பிறகு அவன் தலை. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. வாயில் பீடி எரிந்தது.

அவள் ஓடிப்போய் அதைப் பிடுங்கி எறிந்தாள். அவன் குனிந்து தேடி, சேற்றிலிருந்து எடுத்து, துடைத்துப் பார்த்தான். அணைந்திருந்தது. அப்படியே வழியில் உட்கார்ந்தான்.

"அடிச்சினுமா?"

"அடிச்சினும். காலு தேறின எடம் பாத்து மிதிச்சினும். ராஜையா எங்கன்னு கேட்டினும்." அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "எனக்குத் தெரியாதுட்டி. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன். கூடப்பிறந்தவனக் காட்டிக் குடுத்திருப்பேன். தெரியாததுனால மட்டும் சொல்லல்ல."

"அதுக்கு?"

"உள்ள நிக்கத்தான் எடம், இருக்க எடமில்ல. யாரோ ஒருத்தன்கிட்ட ஒரு பீடி இருந்துச்சு. வாய் வாயா வந்துச்சு. நான் வேண்டாம்னு சொல்லணுமா? அந்நேரம் அத நீட்டினவன் எனக்குத் தேவனாக்கும்."

அவள் அவனைத் தூக்கி உள்ளே கொண்டுபோனாள். கஞ்சி கொடுத்தாள். கஞ்சி குடித்துவிட்டு அவன் கேட்டான், "ஒனக்க முறத்துல ஒண்ணு இல்லியா?"

அவள் கொடுக்கவில்லை. அன்றைக்குக் கொடுக்கவில்லை. அவன் ஊன்றுகோலோடு சரசம்மா வீட்டுக்குப் போய்த் தானே எடுத்துக்கொண்டான். கடைக்குக் கொடுக்கும் கட்டுகளில் பீடி குறைந்தது. கூலியைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் சண்டை போட்டாள், காலைப் பிடித்தாள், ஜெஸியைக் கூட்டிவந்தாள்.

கூட்டம் நின்றுபோயிருந்தது. நாலு பேர் சேர்ந்து உட்காரக்கூடாது என்று உத்தரவு. சனிக்கிழமை அந்த அறையைத் திறந்தபோது ஒரு போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். "பீடி நிறுத்தான் மீட்டிங்கோ? கொள்ளாம்," என்று சிரித்துவிட்டு, பூட்டச் சொன்னார். தெற்கே டாக்டர் வர வழியில்லை. ஜெஸி நடந்தே நெய்யாற்றின்கரைக்குப் போனாள். சோமன் ஆஸ்பத்திரிக் கேட்டுக்கு வெளியே வந்து, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"சிஸ்டர் இனி இங்கோட்டு வரண்டா. தமிழருடைய கூட்டத்தினு கம்பவுண்டர் போகுன்னு ஆரோ எழுதிக் கொடுத்து. என்னை ஸ்தலம் மாற்றி. நாளை வடக்கோட்டு போகுன்னு."

"அது பீடிக் கூட்டம்னு சொல்லலியா?"

"பறஞ்ஞு. ஆரு கேக்கான்?" அவர் விரல்களுக்கிடையே ஒரு பீடி இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

புதிதாக வந்த கம்பவுண்டருக்கு யாரிடமும் எதுவும் கேட்க நேரமில்லை. கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பழையபடி ஆனார்கள். ஜெஸி வீடு வீடாகப் போனாள். முதலில் அவளைக் கண்டால் பீடியை மறைத்தார்கள். பிறகு மறைப்பதையும் விட்டார்கள். சூளை திறந்தபோது மேஸ்திரி பழையபடி "பீடி!" என்று கூப்பிட்டார்.

எலியாவின் குதிகால் கறுத்தது. நாற்றம் வீட்டை விட்டு வெளியே வந்தது. தெற்கே கொண்டுபோக வேண்டிய அன்று கடையடைப்பு. பஸ் இல்லை. சரசம்மாவின் புருசன் கிருஷ்ணன்குட்டி மாட்டு வண்டி பூட்டினார். வழியில் மறித்தார்கள், ஒரு இடத்தில் தமிழர் கூட்டம், இன்னொரு இடத்தில் மலையாளிகள் கூட்டம். ஒவ்வொரு இடத்திலும் கிருஷ்ணன்குட்டி போர்வையை விலக்கிக் காலைக் காட்டினார். காட்டியதும் மூக்கைப் பொத்திக்கொண்டு வழிவிட்டார்கள். போய்ச் சேர்ந்தபோது முழங்காலுக்குக் கீழே காப்பாற்ற ஒன்றுமில்லை என்றார் டாக்டர். ஜெஸியிடம், "நம்ம கையில இருந்த ஆளாக்கும் இவன்," என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வருசம் மற்றக் காலும் போனது.

ராஜையா தெற்கே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்தான். எல்லை தீர்ந்ததும் வருகிறேன் என்று ஆளிடம் சொல்லிவிட்டான். எல்லை ஒரு நவம்பரில் தீர்ந்தது. தெற்கே வெடி போட்டுக் கொண்டாடினார்கள். காற்று அந்தப் பக்கமிருந்து வீசியதால் இங்கே கேட்டது. காரோடு கேரளத்தில் நின்றது. ராஜையா வரவில்லை. மிஷன் ஆஸ்பத்திரி எல்லைக்கு அந்தப் பக்கம் போனது. சர்ச் டிஸ்பென்சரியை மூடுவதென்றும் ஜெஸி தெற்கே போவதென்றும் முடிவானது.

போவதற்கு முன்தினம் மூன்று மணிவாக்கில் ஜெஸி சொல்லிக்கொண்டு போக வந்தாள். முறம் இப்போது வீட்டிலேயே இருந்தது. ஞானபாய் கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து இலை வெட்டிக்கொண்டிருந்தாள். கட்டிலில் எலியா. போர்வை இடுப்புக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தது. துணிக்குள் விரல்களும் கறுத்துவிட்டன என்று ஜெஸிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நர்ஸம்மா பெயருதீங்களாமே," என்றான் எலியா.

"நாளைக்கு."

"தெக்கயும் கூட்டம் உண்டா?"

"தொடங்கணும்."

"நல்லா நடத்துங்க. நான் வந்தேன்னு சொல்லுங்க. புளி தெரிஞ்சுதுன்னு சொல்லுங்க." அவன் ஞானபாயின் பக்கம் தலையைத் திருப்பினான். "தா."

"அவங்க போகட்டும். பொறவு தாறேன்."

"இப்பம் தா."

ஞானபாய் ஜெஸியைப் பார்க்கவில்லை. முறத்திலிருந்து ஒரு பீடியை எடுத்துத் தன் உதட்டில் வைத்துக்கொண்டாள். தீக்குச்சியைக் கிழித்து, கன்னம் ஒட்ட இழுத்துப் பற்றவைத்தாள். அவள் இருமுவாள் என்று ஜெஸி நினைத்தாள். இருமவில்லை. கட்டில் சட்டத்தில் கையை ஊன்றி எழுந்து, அதை அவன் வாயில் வைத்துப் பிடித்தாள். அவன் இழுத்தான். அவள் எடுத்தாள். சாம்பலைத் தட்டினாள். மறுபடி வைத்தாள். கஞ்சி கொடுக்கிற பதத்தில், வாய் காலியாகும்வரை காத்திருந்து கொடுத்தாள்.

"நான் குடுக்கலேன்னா சுவருல தலைய முட்டுதாரு," என்றாள் ஞானபாய், திரும்பாமலே. "எத்தன நாளு பிடிச்சு வைப்பேன் நர்ஸம்மா? எனக்கும் கை ரெண்டுதானே."

எலியா கண்ணை மூடினான். முகம் தளர்ந்தது. பீடி பாதிக்கு மேல் எரிந்திருந்தது. ஞானபாய் அதை அணைக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முறத்தை மடிக்கு இழுத்துக்கொண்டு, மீதியைத் தன் உதட்டில் வைத்து ஆழமாக இழுத்தாள்.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஜெஸி குடையை எடுத்தாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"நடங்க நர்ஸம்மா," என்றாள் ஞானபாய். "நின்னா மழை பிடிச்சிரும்."

சொல்லோடு சேர்ந்து அவள் வாயிலிருந்து புகையும் வந்தது.